பதில் வராத கோரிக்கையை என்ன செய்வது?

(குறுவள மையக் கூட்டமொன்றில் தொடக்க, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கணினி பற்றிப் பேசு என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கே ஒன்றாம் வகுப்பு எடுக்கும் டீச்சரும் இருக்கிறீர்கள், 12ஆம் வகுப்புக்குக் கணினி அறிவியல் எடுக்கும் சாரும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டேன். கணினி தன் வன்தட்டிடம் ஒன்றைக் கேட்கிறது. பதில் வரவில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? காத்திருந்தும் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும்? இதைத்தான் காலக்கெடு, அதாவது டைம் அவுட் என்கிறார்கள்.

"சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு சார்" என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். சொன்ன கையோடு பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கிறோம், அல்லது பென் டிரைவை உருவுகிறோம். அந்த நேரத்தில் உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால், கை கொஞ்சம் தயங்கும். பல மாத உழைப்பில் சேர்ந்த மதிப்பெண் பட்டியல்கள் தப்பிக்கும்.

கயிறு பிடிப்பவரின் வேலை

நம் கடற்கரையிலிருந்தே தொடங்குகிறேன். கொற்கை முத்து என்று வரலாற்றுப் பாடத்தில் நடத்துகிறோம். தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1955 முதல் 1961 வரை நடந்தது. அதன்பிறகு அப்படி ஒரு முத்துக்குளிப்பு இங்கே நடக்கவில்லை. ஆனால் அது எப்படி நடந்தது என்பது நம் ஊர்ப் பெரியவர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது.

குளிப்பவர் கயிற்றில் கட்டிய கனமான கல்லில் கால் வைத்து இறங்குவார். கல்லின் பாரம் அவரை விரைவாகப் பாருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். படகில் நிற்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் சிப்பிகளைப் பையில் சேர்த்துக்கொண்டு, மூச்சு முட்டும் நேரத்தில் கயிற்றை அசைப்பார். மேலே நிற்பவர் உடனே இழுப்பார். இது ஏறத்தாழ ஒரு நிமிட வேலை. கருவி எதுவும் கிடையாது. மூச்சும் கயிறும் மட்டும்தான்.

இப்போது படகில் கயிறு பிடித்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குக் கீழே நடப்பது தெரியாது. வழக்கமான நேரம் கடந்துவிட்டது, கயிறு அசையவில்லை. கீழே இருப்பவருக்கு நிறையச் சிப்பி கிடைத்திருக்கலாம். கயிறு பாறையில் சிக்கியிருக்கலாம். அவருக்கு ஆபத்தும் நேர்ந்திருக்கலாம். மூன்றுக்கும் வெளியே தெரியும் அடையாளம் ஒன்றே: அமைதி.

காலக்கெடு என்பதன் சாரம் இதுதான். கெடு கடந்துவிட்டது என்றால் "தோல்வி" என்று பொருள் இல்லை. "தெரியவில்லை" என்றுதான் பொருள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும்.

கெர்னல் என்னும் இடைத்தரகர்

இயக்க அமைப்பின் மையப் பகுதியைக் கெர்னல் என்கிறோம். 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் இயக்க அமைப்பு பற்றிய பாடங்களில் இது வருகிறது. நான் லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொள்கிறேன். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது. நம் மாணவர்களுக்குத் தரப்பட்ட மடிக்கணினிகள் பலவற்றில் இருந்த பாஸ் லினக்ஸ், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அதற்குள்ளும் இதே கெர்னல்தான். இதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால், உள்ளே நடப்பதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்தே பேசலாம்.

நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கிறீர்கள். அந்த மென்பொருள் நேராக வன்தட்டைத் தொட முடியாது. கெர்னலிடம் கேட்கும். கெர்னல் அதை ஒரு கோரிக்கையாக எழுதி, ஓர் எண் கொடுத்து, வரிசையில் வைத்து, வன்தட்டுக்கு அனுப்பும். "இந்தத் தகவலை எடுத்து, நினைவகத்தில் இந்த இடத்தில் வை" என்பதுதான் கோரிக்கை. நம் வ.உ.சி. துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும், தளம் காலியானதும் ஒவ்வொன்றாக உள்ளே வரும். தளங்களின் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. அதுபோல சாட்டா வகை வன்தட்டு ஒரே நேரத்தில் 32 கோரிக்கைகள் வரை வைத்துக்கொள்ள முடியும். பழைய வகைப் பென் டிரைவோ ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கவனிக்கும்.

வேலை முடிந்ததும் வன்தட்டு ஒரு குறிப்பை எழுப்பும். அதைக் குறுக்கீடு என்கிறோம். முத்துக்குளிப்பவர் கயிற்றை அசைப்பது போல. கெர்னல் அந்த எண்ணுக்குரிய கோரிக்கையை முடித்து, எண்ணை விடுவித்து, அடுத்ததற்குக் கொடுக்கும்.

குறிப்பு வரவில்லை என்றால்? லினக்ஸில் வழக்கமான கெடு 30 விநாடி. இது குறைவா, அதிகமா? கணக்குப் போட்டுப் பாருங்கள், வகுப்பிலும் போடலாம். சுழலும் வன்தட்டு ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 10 மில்லிவிநாடி ஆகும். 30 விநாடி என்பது அதைப்போல் 3,000 மடங்கு. எஸ்.எஸ்.டி. வகைக்கு ஏறத்தாழ 100 மைக்ரோவிநாடி போதும். அதற்கு 30 விநாடி என்பது 3 லட்சம் மடங்கு! ஒரு நிமிடத்தில் பதில் சொல்லும் பிள்ளைக்கு 3 லட்சம் நிமிடம் கொடுத்தால், அது 200 நாளுக்கு மேல் போகும், ஏறத்தாழ ஒரு கல்வியாண்டின் வேலைநாள் கணக்கு. கெர்னல் அவ்வளவு பொறுமையானது.

தேர்வறையில் ஒரே மணி

விநாடிக்கு ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு அலாரம் வைத்து, முடிந்ததும் அதை அணைத்துக்கொண்டிருந்தால் அதுவே பெரிய வேலையாகிவிடும். ஆகவே கெர்னல் நம் தேர்வறை முறையைப் பின்பற்றுகிறது. 20 மாணவருக்கு 20 கடிகாரம் வைப்பதில்லையே. ஒவ்வொரு கோரிக்கையின் மேலும் அதன் கெடுநேரம் எழுதப்பட்டிருக்கும். வரிசை முழுவதற்கும் ஒரே ஒரு மணி. முதலில் கெடு முடியும் நேரத்துக்கு அந்த மணி வைக்கப்படும். அடித்ததும் கெர்னல் எழுந்து, நிலுவையில் உள்ளவற்றை வரிசையாகப் பார்க்கும். முடிந்ததை விட்டுவிடும், கெடு கடந்ததை மட்டும் எடுக்கும். மணி சற்றுப் பிந்தி அடித்தாலும் தவறில்லை, முந்தி மட்டும் அடிக்கக் கூடாது.

முன்பு இந்த வேலையை ஸ்கஸி போன்ற சாதனப் பிரிவுகள் தனித்தனியே செய்துகொண்டிருந்தன. 2008 டிசம்பரில் வந்த 2.6.28 பதிப்பில்தான் இது எல்லாச் சேமிப்புச் சாதனங்களுக்கும் பொதுவான அடுக்குக்கு மாற்றப்பட்டது. அந்தப் பகுதியைப் பராமரிப்பவர் ஜென்ஸ் ஆக்ஸ்போ.

விட்டுவிட ஏன் முடியாது?

கெடு முடிந்தது. "சரி, இது வராது" என்று கோரிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கக் கூடாதா? கூடாது. இரண்டு காரணங்கள்.

முதலாவது, வன்தட்டுக்கு நினைவகத்தில் ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறோம். தகவலை அது தானே அங்கே கொண்டுவந்து வைக்கும், ஒவ்வொரு முறையும் யாரையும் கேட்காது. நாம் கோரிக்கையைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தை வேறொரு மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டோம் என்று வையுங்கள். பத்து விநாடி கழித்து வன்தட்டு விழித்துக்கொண்டு பழைய தகவலை அங்கே கொட்டும். அங்கே அப்போது ஒரு மாணவியின் மாற்றுச் சான்றிதழ் விவரம் இருக்கலாம். அது அழிந்துபோகும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

இரண்டாவது, எண். 17ஆம் எண் மாணவன் வரவில்லை என்று பெயரை அடித்துவிட்டு, அதே எண்ணைப் புதிதாகச் சேர்ந்தவனுக்குக் கொடுத்துவிட்டோம். அடுத்த நாள் பழைய 17இன் விடைத்தாள் வருகிறது. யார் பெயரில் மதிப்பெண் ஏறும்?

அதனால் சாதனம் அந்த வேலையைக் கைவிட்டுவிட்டது என்று உறுதியாகத் தெரியும் வரை, கெர்னல் கோரிக்கையைக் கையிலிருந்து விடுவதில்லை. கயிறு பிடிப்பவரும் அப்படித்தான். ஆள் மேலே வந்தாரா என்று தெரியாமல் கயிற்றை அறுத்துவிட்டு அடுத்தவரை இறக்க முடியுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. கெர்னல் "கெடு கடந்தது" என்று குறிக்கும் அதே கணத்தில் பதில் வந்து சேரலாம். வருகைப்பதிவில் நாம் "வரவில்லை" என்று எழுதும்போதே பையன் வாசலில் "உள்ளேன் ஐயா" என்பது போல. இரண்டு பேரும் ஒரே கோரிக்கையை முடித்தால் குழப்பம்தான். ஆகவே முதலில் குறியிட்டவருக்கே உரிமை என்று விதி. இரண்டாவதாக வருபவர் அந்தக் குறியைப் பார்த்து ஒதுங்கிவிடுவார். சொல்வதற்கு எளிது. இந்தச் சின்ன இடத்தைச் சரியாக எழுத வல்லுநர்கள் பலமுறை நிரலை மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

படிப்படியாக

கெடு கடந்த பிறகு நடப்பதைக் கவனியுங்கள். என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி.யில் கெர்னல் முதலில் செய்வது, பதில் ஏற்கெனவே வந்து கிடக்கிறதா என்று தானே போய்ப் பார்ப்பது. சாதனம் வேலையை முடித்திருக்கும், குறுக்கீடு மட்டும் தவறிப்போயிருக்கும். அப்படியானால் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. இல்லையென்றால், அந்த ஒரு கட்டளையை மட்டும் ரத்து செய்யச் சொல்லும். அதற்கும் அசையாவிட்டால்தான் சாதனத்தை மறுதொடக்கம் செய்யும்.

ஸ்கஸி முறையில் படிகள் இன்னும் அதிகம். முதலில் அந்தக் கட்டளையை ரத்து செய்வது. பிறகு அந்த ஒரு தட்டை மீட்டமைப்பது. பிறகு அந்தச் சாதனம், பிறகு இணைப்புத் தடம், கடைசியாக முழு அடாப்டர். எதுவும் பலிக்காவிட்டால்தான், அந்தத் தட்டு செயலில் இல்லை என்று அறிவிக்கும்.

ஏன் எடுத்த எடுப்பிலேயே முழுவதையும் மீட்டமைக்கக் கூடாது? மேலே போகப் போக, ஒரு தவறும் செய்யாத அக்கம்பக்கத்தாரும் பாதிக்கப்படுகிறார்கள். அடாப்டரை மீட்டமைத்தால் அதில் இணைந்த நல்ல தட்டுகளின் வேலையும் நின்றுபோகும். ஒரு மாணவன் பதில் சொல்லவில்லை என்று பள்ளிக்கே மணி அடித்து விடுவதில்லையே.

யார் முதலில் பொறுமை இழக்க வேண்டும்?

இந்த இடத்தில்தான் பல நிறுவனங்கள் தங்கள் தரவை இழந்திருக்கின்றன. வன்தட்டுக்கும் தனக்கென்று ஒரு பொறுமை உண்டு. ஒரு பகுதி பழுதானால், படிக்க முடிகிறதா என்று அது திரும்பத் திரும்ப முயலும். வீட்டுப் பயன்பாட்டு வன்தட்டுகள் சில இப்படி ஒரு நிமிடத்துக்கும் மேல் முயலும். கெர்னலின் பொறுமையோ 30 விநாடி. தட்டு உள்ளே உயிரைக் கொடுத்து முயன்றுகொண்டிருக்கும்போதே, கெர்னல் அதைச் செத்ததாகக் கருதி மீட்டமைக்கத் தொடங்கும். பல தட்டுகளைச் சேர்த்துப் பாதுகாப்பாக வைக்கும் ரெய்டு முறையில், ஒரு சின்னப் பழுதுக்காக முழுத் தட்டையும் தொகுப்பிலிருந்து வெளியே தள்ளிவிடும். அந்த நேரத்தில் இன்னொரு தட்டிலும் பழுது இருந்தால் முழுத் தொகுப்பும் போய்விடும்.

தீர்வு எளிது. ரெய்டுக்காகச் செய்யப்படும் தட்டுகள் ஏறத்தாழ 7 விநாடியில் "இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை" என்று நேர்மையாகச் சொல்லிவிடும். அப்போது மற்றத் தட்டிலிருந்து அந்தத் தகவலை எடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சொல்லத் தெரியாத தட்டு என்றால், கெர்னலின் கெடுவை 180 விநாடியாகக் கூட்டிவைப்பது வழக்கம்.

விதி என்ன? கீழே இருப்பவரின் கெடு, மேலே இருப்பவரின் கெடுவுக்கு முன்பே முடிய வேண்டும். இது நமக்குப் புதிதா? வட்டாரக் கல்வி அலுவலகம் மாலை 4 மணிக்குப் புள்ளிவிவரம் கேட்டால், தலைமையாசிரியர் நம்மிடம் 3 மணிக்குக் கேட்பார். 4 மணிக்கே நம்மிடமும் கேட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

எல்லா இடத்துக்கும் 30 விநாடி பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அமேசான் தன் மேகக் கணினியில், வலையமைப்பின் வழியே வரும் தட்டுகளுக்கு இந்தக் கெடுவை இயன்ற அளவு பெரிதாக வைக்கச் சொல்கிறது. புதிய கெர்னல்களில் அந்த எண் 4,294,967,295 விநாடி, ஏறத்தாழ 136 ஆண்டு! வலையமைப்பு சற்று நேரம் தடைபட்டாலும் திரும்ப வந்துவிடும், அவசரப்பட்டுப் பிழை என்று அறிவிப்பதைவிடக் காத்திருப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. கெடுவை முடிவு செய்வது கடிகாரம் அல்ல, மறுமுனையில் இருப்பவரைப் பற்றிய நம் அறிவு.

நம் ஆய்வகத்துக்கு

இனி நடைமுறைக்கு வருகிறேன். நான்கு செய்திகள்.

1. பென் டிரைவில் நகல் எடுக்கும்போது பட்டை முழுவதும் நிறைந்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். லினக்ஸில் தகவல் முதலில் நினைவகத்தில் தங்கும். வழக்கமான அமைப்பில் 30 விநாடி வரைகூட அங்கேயே இருக்கலாம், எழுதத் தொடங்கிய பிறகும் நேரம் எடுக்கும். "பாதுகாப்பாக அகற்று" என்பதை அழுத்தி, அனுமதி வந்த பிறகே உருவுங்கள்.

2. கணினி அசையவில்லை, வன்தட்டின் விளக்கு மட்டும் எரிகிறது என்றால், உள்ளே கெர்னல் மேலே சொன்ன படிகளில் ஏறிக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு படிக்கும் நேரம் எடுக்கும், மறுமுயற்சிகளும் உண்டு. சில நிமிடம் பொறுத்திருங்கள். அதற்குள் பவரை அணைப்பது, பாதி எழுதிய கோப்பைப் பாதியிலேயே அறுப்பது.

3. சில மென்பொருள்களை எவ்வளவு முயன்றாலும் மூட முடியாது. அது சேமிப்பகத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் நிலை. நினைவகத்தில் அதற்கென்று ஓர் இடம் வன்தட்டுக்குக் காட்டப்பட்டிருப்பதால், கெர்னல் அதை விடுவிக்காது. பல லினக்ஸ் அமைப்புகளில் 120 விநாடிக்கு மேல் இப்படி ஒன்று நின்றால் நிகழ்வுக் குறிப்பேட்டில் எச்சரிக்கை எழுதப்படும்.

4. அப்படிப்பட்ட எச்சரிக்கைகளும் மீட்டமைப்புச் செய்திகளும் அடிக்கடி வந்தால், அந்தத் தட்டு போகப்போகிறது. அன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

வகுப்பறையில் விளையாட்டாக

கணினியே இல்லாமல் இதை நடத்தலாம். ஒரு மாணவர் கெர்னல், ஒருவர் வன்தட்டு, நான்கு பேர் மென்பொருள்கள். மென்பொருள்கள் சீட்டில் கேள்வி எழுதித் தர, கெர்னல் 1 முதல் 4 வரை எண் கொடுத்து வன்தட்டிடம் அனுப்ப வேண்டும். பதில்சீட்டில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. முதல் சுற்றில் எல்லாம் நேரத்துக்கு வரட்டும். இரண்டாம் சுற்றில், வன்தட்டிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி ஒரு பதிலைத் தாமதிக்கச் செய்யுங்கள். 30 எண்ணியதும் கெர்னல் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடட்டும். பழைய பதில் தவறான ஆளிடம் போய்ச் சேரும்போது வகுப்பே சிரிக்கும். மூன்றாம் சுற்றில், எண்ணைத் திரும்பக் கொடுப்பதற்கு முன் "அந்த வேலையை விட்டுவிட்டாயா?" என்று கேட்டு உறுதி பெற வேண்டும் என்ற விதியைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஆறாம் வகுப்புக்கும் இது புரியும்.

நம் கெடு எவ்வளவு?

கடைசியாக ஒன்று. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். 1970களில் அவர் வெளியிட்ட முடிவு இது: ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். பிறகு அடுத்த மாணவரிடம் போய்விடுகிறார், அல்லது தானே பதில் சொல்லிவிடுகிறார். அதை 3 விநாடி அளவுக்கு நீட்டித்தபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாமல் இருந்தவர்கள் குறைந்தார்கள், மெதுவானவர்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகள் அதிகமாகப் பேசத் தொடங்கினார்கள்.

ஒரு இரும்புத் தட்டுக்கு 30 விநாடி கொடுக்கிறது கெர்னல். நாம் ஒரு பிள்ளைக்கு ஒரு விநாடி கொடுக்கிறோம். அந்த ஒரு விநாடி மௌனத்தை வைத்து "மெல்லக் கற்பவர்" என்ற பட்டியலில் பெயரை எழுதுகிறோம். பிள்ளைக்குக் கேள்வி கேட்கவில்லையா, விடை தெரிந்தும் சொல்லக் கூச்சமா, காலையில் சாப்பிடவில்லையா, உண்மையிலேயே தெரியவில்லையா என்பது அந்த மௌனத்திலிருந்து நமக்குத் தெரியாது. எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்துகிறோம். அந்தப் பிரிவு அவசர மதிப்பீட்டில் முடிவாகிவிடக் கூடாது.

படிகளை நாமும் வைத்துக்கொள்ளலாம். முதலில் மூன்று விநாடி. பிறகு, பதில் ஏற்கெனவே நோட்டில் எழுதியிருக்கிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்ப்பது. பிறகு அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்பது. பிறகு தனியே அழைத்துப் பேசுவது. அதற்கும் பிறகுதான் பெற்றோர். ஒவ்வொரு படியிலும் மற்றப் பிள்ளைகள் எதிரே அவமானப்படாமல் பார்த்துக்கொள்வது.

நாளைக் காலை முதல் பாடவேளையில், ஒரே ஒரு கேள்விக்காவது மனதுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள். வரும் பதிலை அடுத்த கூட்டத்தில் பகிர்ந்துகொள்ளுங்கள்.